பெட்டிமேல் வைத்த கை

நம் வீட்டில் ஒரு சட்டம் இருக்கிறது. யாராவது பேச வந்தால் டிவியை நிறுத்த வேண்டும், போனைக் கவிழ்த்து வைக்க வேண்டும், பேசுகிறவர் முகத்தைப் பார்க்க வேண்டும். பார்க்காமல் "ம்" என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். "அப்பா ஹெட்மாஸ்டர் மாதிரி ஆரம்பிச்சிட்டாரு" என்று சின்னவள் போன வாரம் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. நான் பத்தாவதோடு நின்ற ஆள். ஹெட்மாஸ்டர் வேலை எனக்கு வராது. ஆனால் இந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்று உங்கள் இரண்டு பேருக்கும் சொல்லிவிட வேண்டும். வாயால் சொன்னால் பாதியில் நிறுத்திவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

ஒருவரைப் பற்றிச் சொல்லப் போகிறேன். அவர் பேர் வேண்டாம். அவர் இத்தனை வருஷம் மறைத்து வைத்த ஒன்றை நான் எழுதுகிறேன், பேரையும் எழுதினால் நன்றாக இருக்காது. நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். சொந்தம் எதுவும் கிடையாது.

மாமாவுக்குக் கடலூர் முதுநகரில் மைக் செட் தொழில். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம், எல்லாவற்றுக்கும் அவருடைய பெட்டிகள் போகும். சுனாமி வந்து இரண்டு வருஷம் கழித்து நான் குட்டியானை வண்டி எடுத்தேன். அவருடைய பெட்டிகளையும் குழாய் ஸ்பீக்கர்களையும் ஏற்றி இறக்குவதுதான் எனக்கு முக்கியமான சவாரி. ஐந்து வருஷம் வண்டியின் முன்சீட்டில் அவரும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இந்த ஜில்லா முழுக்கச் சுற்றினோம். அந்த நாட்களில் உங்கள் அம்மாவிடம் பேசியதைவிட அவரிடம் பேசியது ஜாஸ்தி.

நெட்டையான ஆள். வெள்ளைச் சட்டை, முழங்கைக்கு மேல் மடிப்பு. அவருடைய வலது கை எதையாவது தொட்டுக்கொண்டே இருக்கும். பந்தல் கால், இரும்புக் கம்பம், வண்டியின் கதவு, ஏதாவது ஒன்று. பாட்டு ஓடும்போது பெட்டியின் முகத்தில் உள்ளங்கையை விரித்து வைப்பார், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி. ஸ்பீக்கருக்குள்ளே கிண்ணம் போல ஒரு தாள் இருக்கும், அதற்குக் கோன் என்று பேர். அது கிழிந்தால் சத்தம் கரகரக்கும். வைத்த கையை எடுக்காமல், "கீழ இருக்குற கோன் ஓரத்துல விட்டிருக்கு, மாத்தணும்" என்பார். பிரித்துப் பார்த்தால் நகக்கண் அளவுக்கு விட்டிருக்கும். பண்ருட்டியிலிருந்து வரும் மற்ற மைக் செட்காரர்கள் இதைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். எனக்கு ஏதோ என் கையே அப்படிச் செய்த மாதிரி பெருமையாக இருக்கும்.

பேசும்போது இடது கையின் இரண்டு விரல் தொண்டையில் இருக்கும். குரல் மெதுவாக, ஏற்ற இறக்கம் இல்லாமல் வரும். "தொண்டையில எதுனா புண்ணா?" என்று புதிதாகப் பார்ப்பவர்கள் கேட்பார்கள். சிரிப்பார்.

மைக்கில் அவர் ஒரு நாளும் பேசியதில்லை. "ஹலோ, மைக் டெஸ்டிங்" எல்லாம் நான்தான். நான் சொல்லச் சொல்ல அவர் ஒவ்வொரு பெட்டியாகக் கை வைத்துக்கொண்டே போவார். கடைசியில் கூட்டத்தின் பின்வரிசைக்குப் போய் அங்கிருக்கும் வயதானவர்களின் முகத்தைப் பார்ப்பார்.

"அவுங்க மொகம் சுருங்குனா சத்தம் ஜாஸ்தி. கழுத்து முன்னாடி நீண்டா கம்மி. இதுக்கு மேல இன்னா மிஷின் வேணும் மாப்ள?"

கல்யாண வீட்டில் யாராவது வந்து இந்தப் பாட்டுப் போடுங்கள் என்றால், "சீட்டுல எழுதிக் குடு, மறந்துடுவேன்" என்பார். செல்போன் வைத்துக்கொள்ளவில்லை. தேதி பேசுவது, ஊர் கேட்பது எல்லாம் அத்தைதான், அதாவது அவர் மனைவி. "போன எடுத்தா வேலை கெட்டுடும்" என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தார். ஊரில் சில பேர் திமிர் என்றார்கள்.

மஞ்சக்குப்பம் மைதானத்தில் ஒரு கட்சிக் கூட்டம். தலைவர் பேச ஆரம்பித்ததும் மைக் வீல் என்று அலறியது. மேடையிலிருந்தே அந்த ஆள் மாமாவைத் திட்டினார். எழுத முடியாத வார்த்தைகள். பாதி மாமாவுக்கு, பாதி மாமாவைப் பெற்றவளுக்கு. மாமா மேடைக்குப் பக்கவாட்டில் நின்று, பொறுமையாகத் தலையாட்டிக்கொண்டு, ஒரு புன்னகையோடு சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தார். கூட்டம் முடிந்து இறங்கி வந்த தலைவர் அவர் கையைப் பிடித்து, "மன்னிச்சிக்கய்யா, நானா இருந்தா அடிச்சிருப்பேன்" என்றார். அதற்கும் மாமா அதே புன்னகையோடு தலையாட்டினார்.

இந்த மனுஷனுக்குக் கோபமே கிடையாது என்று அன்றைக்கு நான் முடிவு கட்டினேன். ஊர் முழுக்கச் சொன்னேன்.

எங்கே நின்று பேசினாலும் அவர் சொல்வது ஒன்றுதான். "மொகத்தப் பாத்துப் பேசு மாப்ள." வண்டியில் மட்டும் சொல்ல மாட்டார். வண்டி ஓட்டுகிறவன் ரோட்டைத்தானே பார்க்க வேண்டும்.

இப்போது உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். உங்கள் இரண்டு பேருக்கும் முன்னால் ஒருத்தி பிறந்தாள். பதினோரு நாள் இருந்தாள். மாமாவும் அத்தையும் அந்தச் சமயம் இரண்டு மாதம் மகள் ஊரில் இருந்ததால் நான் வேறொரு செட்காரருக்கு ஓட்டினேன். அவளுக்கு மூச்சு வாங்கிய அன்றைக்கு நான் அவரோடு நெய்வேலிப் பக்கம் ஒரு கோயில் திருவிழாவில் இருந்தேன். உங்கள் தாய்மாமன் எட்டு முறை போன் செய்திருக்கிறார். நான் குழாய் ஸ்பீக்கருக்கு அடியில் நின்றுகொண்டிருந்தேன். போன் என் சட்டைப் பையில்தான் இருந்தது, கேட்கவில்லை. பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. தெருவில் நாலு சக்கர வண்டி வைத்திருந்தவன் நான் ஒருத்தன்தான். அந்த வண்டி என்னோடு நெய்வேலியில் இருந்தது.

"டவர் கெடைக்கல" என்று உங்கள் அம்மாவிடம் சொன்னேன். அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

மாமாவிடம் மட்டும்தான் உண்மையைச் சொன்னேன். ஒரு மாதம் கழித்து, அவர் ஊருக்குத் திரும்பியதும், பண்ருட்டிக்குப் பெட்டி ஏற்றிக்கொண்டு போகும் வழியில், ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அழுதுகொண்டே ஓட்டினேன். அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திரும்பித் திரும்பி என்னைப் பார்த்தார், தலையாட்டினார், என் தோளில் கையை வைத்தார், பண்ருட்டி வரும்வரை எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் "விதி" என்றார்கள், "இன்னொன்னு பொறக்கும்" என்றார்கள். இவர் ஒருத்தர்தான் வாயை மூடிக்கொண்டு முழுசாகக் கேட்டார். பிறகு பலமுறை, பல ஊர் வழியில், அதையே திரும்பத் திரும்ப அவரிடம் சொன்னேன். நான் பைத்தியம் பிடிக்காமல் இருந்ததற்கு அந்தத் தலையாட்டல்தான் காரணம் என்று நினைத்தேன்.

இது நினைவிருக்கட்டும். இனி அந்தச் சிதம்பரம் சங்கதி.

சிதம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரி. அதன் முதலாளியோடு ஒரு காலத்தில் சென்னையில் படித்த நாலு பேர் ராக் பேண்ட் வைத்திருந்தார்களாம். முப்பத்தைந்து வருஷமாக வாசிக்கிறார்களாம். ஆண்டு விழாவுக்கு அவர்களைக் கூப்பிட்டிருந்தார். கிதார், டிரம் எல்லாம் அவர்கள் கொண்டுவருவார்கள், பெரிய பெட்டிகள் மட்டும் வேண்டும் என்று அத்தைக்குப் போன் வந்தது. மாமா அந்த வருஷம்தான் புதுச்சேரியிலிருந்து நாலு பெரிய பாஸ் பெட்டி வாங்கியிருந்தார். அதைப் பிள்ளை மாதிரி துடைத்துத் துடைத்து வைத்திருந்தார். போனோம்.

ராக் பேண்ட் என்றால் நான் தாடியும் கிழிந்த பேண்டுமாக வாலிபப் பசங்களை எதிர்பார்த்தேன். வேனிலிருந்து நாலு தாத்தா இறங்கினார்கள். ஒருத்தர் முழங்காலில் பட்டை கட்டியிருந்தார். ஒருத்தர் குடுமி போட்டுக்கொண்டு, கையில் பிளாஸ்டிக் கவர், உள்ளே மாத்திரைகள். பாடுகிறவர் வெந்நீர் கேட்டார். டிரம் வாசிப்பவர் ஆஜானுபாகு, தோள் வரை தொங்கும் வெள்ளை முடி, அரைக்கால் சட்டை.

"மாமா, பென்ஷனுக்குக் கையெழுத்துப் போட வந்தவங்க மாதிரி இருக்காங்க, இவுங்களா ஆடப் போறாங்க?" என்றேன்.

மாமா என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். "காச்சல் மாத்திரை போட்டுக்கினு ஆடுவாங்க."

ஆறு மணிக்குத் தொடங்கியது. முன்னால் நின்ற மாணவர்கள், "தாத்தா, குத்துப் பாட்டு போடு" என்று கத்தினார்கள். வெள்ளை முடிக்காரர் குச்சியை மேலே தூக்கிக் காட்டி, சிரித்தபடி முதல் அடி அடித்தார்.

அந்த அதிர்ச்சியை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நாலு வருஷம் மைக் செட்டோடு திரிந்தவன் நான். என் சட்டைப் பொத்தான் நெஞ்சில் துடித்தது. முழங்கால் பட்டை கட்டியவர் பாஸ் கிதாரை இழுத்ததும் என் வயிற்றுக்குள் இருந்த டீ அசைந்தது. வெந்நீர் கேட்ட மனுஷன் வாயைத் திறந்தார். கோயிலில் சாமி வந்து ஆடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அவர்கள் முகத்தில் பார்த்த அதே வெறி. அறுபது வயசுக்காரருக்கு இது எங்கே இருந்தது? பசங்கள் குத்துப் பாட்டை மறந்துவிட்டார்கள்.

இரண்டாவது பாட்டின் நடுவில் குடுமிக்காரர் காலடியில் இருந்த ஒரு சின்னப் பெட்டியை மிதித்தார். கிதார் சத்தம் மாறியது. நூறு தகரத்தை ஒன்றாகக் கட்டித் தார் ரோட்டில் இழுத்த மாதிரி ஒரு கரகரப்பு. எனக்கே பல் கூசியது. ஆனால் பசங்கள் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு குதித்தார்கள். அப்படியானால் இது வேண்டுமென்றே வரும் சத்தம் என்று எனக்குப் புரிந்தது.

மாமா மேடைக்குப் பக்கத்தில் புதுப் பெட்டிமேல் கை வைத்தபடி நின்றிருந்தார். அவர் முகம் வெளுத்தது. மற்றப் பெட்டிக்கு ஓடினார், கை வைத்தார். அடுத்த பெட்டி. நாலிலும் அதே கரகரப்பு. நாலு கோனும் ஒன்றாகக் கிழிகிறது என்று அவர் கை அவருக்குச் சொல்லிவிட்டது. மெயின் சுவிட்சைப் பார்த்து ஓடினார்.

"மாமா, வேணாம். மாமா" என்று நான் பின்னாலேயே ஓடினேன்.

பிடியைக் கீழே இழுத்தார்.

விளக்குகள் கல்லூரி ஜெனரேட்டரில் இருந்ததால் எரிந்தன. சத்தம் மட்டும் செத்தது. பாடியவர் வாய் திறந்தபடி நின்றார். டிரம் மட்டும் தனியாக நாலைந்து அடி ஓடி, பிறகு கிதார்க்காரர் கையைக் கண்டு நின்றது.

ஆயிரம் பேர் இருக்கும் மைதானத்தில் அப்படி ஒரு அமைதியை நான் கண்டதில்லை. மாமா எனக்கு முதுகு காட்டி, டார்ச் அடித்துப் பெட்டிக்குள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு எட்டு தூரம்தான்.

"மாமா" என்றேன்.

திரும்பவில்லை.

"மாமா, கோன் கிழியல. அது பாட்டுதான்."

குனிந்தபடியே இருந்தார்.

மூன்றாவது முறை தொண்டை கிழியக் கத்தினேன். மைதானம் முழுக்கக் கேட்டது. பசங்கள் சிரித்தார்கள். பின்வரிசையில் யாரோ, "மாமா, உன் மாப்ள கூப்புடறான்" என்று என்னைப் போலவே கத்தினான். சிரிப்பு இன்னும் கூடியது. அந்த ஆயிரம் பேரில் திரும்பிப் பார்க்காதவர் அவர் ஒருத்தர்தான்.

மஞ்சக்குப்பம், சீட்டு, போன், தொண்டையில் விரல், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக என் முன்னால் வந்து நின்றது. அந்தத் தலைவர் திட்டியபோது சிரித்தாரே, அது பொறுமை இல்லை. அவருக்கு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

அதற்குள் கல்லூரி விழாக் கமிட்டி சார் ஒருத்தர் ஓடி வந்து மாமாவின் புஜத்தைப் பிடித்துத் திருப்பினார். "யாருய்யா உன்ன நிறுத்தச் சொன்னது? இன்னா நெனச்சிக்கினு இருக்க?" கோபத்தில் அவர் முகத்தை ஒரு பக்கம் ஆட்டி ஆட்டிப் பேசினார். மாமா அவர் உதட்டைத் தேடினார். பிடி கிடைக்கவில்லை. பழைய புன்னகை வந்தது, தலை ஆடியது.

"சிரிக்கிறான் பாரு. செவிடா நீ?"

அந்த வார்த்தையை அவர் வசவாகத்தான் சொன்னார். இந்த மைதானத்தில் அது உண்மை என்று தெரிந்தால், நாங்கள் வீடு போய்ச் சேருவதற்குள் கடலூர் முழுக்கத் தெரிந்துவிடும். காது கேட்காதவனுக்கு மைக் செட் வேலை எவன் கொடுப்பான்?

டிரம்காரர் மேடையிலிருந்து இறங்கி வந்தார். கமிட்டி சாரைக் கையால் ஒதுக்கிவிட்டு மாமாவுக்கு நேர் எதிரில் நின்றார். ஒரு நிமிஷம் அவர் முகத்தையே பார்த்தார். பிறகு வாயை அசைத்தார். நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். அவர் வாயிலிருந்து துளிச் சத்தம் வரவில்லை.

மாமா பதில் சொன்னார். "பன்னெண்டு வருஷம்."

டிரம்காரர் தன் வெள்ளை முடியை ஒதுக்கினார். காதுக்குப் பின்னால் சின்னதாக ஒரு மிஷின். அதைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். மற்றக் காதிலும் ஒன்று இருந்தது. மாமா அதையும் பார்த்தார், அவரையும் பார்த்தார். நாலு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து வந்த எனக்குத் தெரியாதது அந்த மனுஷருக்கு நாலு நிமிஷத்தில் தெரிந்துவிட்டது.

அவர் மாமாவின் வலது கையைப் பிடித்துப் பெட்டிமேல் வைத்தார். எனக்குச் சைகை காட்ட, நான் மெயினைத் தூக்கினேன். குடுமிக்காரர் காலால் மிதித்து ஒரே ஒரு இழுப்பு இழுத்தார். மாமாவின் கை பதறியது. டிரம்காரர் விடவில்லை, அழுத்திப் பிடித்துக்கொண்டார். இப்போது சத்தத்தோடு, மெதுவாக, உதட்டை நன்றாகத் திறந்து சொன்னார்.

"கிழியல. வேணும்னே பண்றோம்."

"வேணும்னேவா?" என்றார் மாமா. "இத வராம பாத்துக்கத்தான்யா நான் தெனம் பாடுபடறேன்."

டிரம்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு மேடையேறி மைக்கைப் பிடித்தார். "தப்பு எங்க பக்கம். எங்க ஒயர்ல கோளாறு. இந்த ஐயா நிறுத்தலன்னா எல்லாம் எரிஞ்சிருக்கும். எல்லாரும் அவருக்கு ஒரு கை தட்டுங்க."

தட்டினார்கள். கமிட்டி சாரும் தட்டினார். மாமா ஆயிரம் ஜோடிக் கைகள் அசைவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மிச்சக் கச்சேரி முழுக்க அவர் அந்தப் பெட்டியை விட்டு நகரவில்லை. முதலில் ஒரு கை, பிறகு இரண்டு கை, கடைசியில் நெஞ்சையே சாய்த்துக்கொண்டார். நான் மேடையைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தேன். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பயம்தான் வந்தது. பண்ருட்டி ரோட்டில் நான் சொன்னது?

கச்சேரி முடிந்து கல்லூரி வராந்தாவில் படுத்தோம். விடிந்ததும் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். மாமாவுக்கு என்றும் இல்லாத உற்சாகம்.

"நாலு பேரும் தனித்தனியா தெரிஞ்சாங்க மாப்ள. அந்த முட்டிக்குப் பட்டை கட்டுன ஆளு இங்க" என்று வயிற்றைத் தொட்டார். "குடுமி இங்க" என்று விரல் நுனிகளைக் காட்டினார். "பன்னெண்டு வருஷத்துல நான் பாட்டுன்னு ஒன்னு கேட்டது நேத்திக்குத்தான்."

புதுச்சத்திரம் தாண்டியது. நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டே, எப்போதும் பேசும் குரலில், கேட்டேன்.

"மாமா, என் பொண்ணப் பத்தி நான் சொன்னதுல ஒரு வார்த்தையாவது உனக்குக் கேட்டுச்சா?"

ஓரக்கண்ணால் பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பி, புன்னகையோடு, பொறுமையாகத் தலையாட்டினார். பண்ருட்டி ரோட்டில் ஆட்டினாரே, அதே ஆட்டல்.

பிரேக்கை மிதித்துவிட்டேன். பின்னால் பெட்டிகள் ஒன்றோடொன்று மோதின. பெட்டிக்கு அடி பட்டால் பதறும் மனுஷன், அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். நான் முழுசாக அவர் பக்கம் திரும்பி அதே கேள்வியை உதடு தெரியக் கேட்டேன். புன்னகை மெல்ல இறங்கியது. இரண்டு விரல் தொண்டைக்குப் போனது.

"பொண்ணா?" என்றார். "உனக்குப் பொண்ணு இருந்துதா?"

திட்டினேன். மஞ்சக்குப்பம் தலைவர் திட்டியதைவிட மோசமாகத் திட்டினேன், அதுவும் முகத்தைப் பார்த்து. ஒவ்வொரு வார்த்தையும் அவருக்குப் போய்ச் சேர்ந்தது.

முடித்ததும் சொன்னார். "நீ அழுதுது தெரிஞ்சுது. எதுக்குன்னு தெரியல. நீ ரோட்டப் பாத்துப் பேசுனா எனக்கு ஒன்னும் வராது. நிறுத்தச் சொல்லி கேட்டிருக்கலாம். கேட்டா இந்த காது விஷயம் உனக்குத் தெரிஞ்சிடும். தெரிஞ்சா நீ நாலு பேருகிட்ட சொல்லிட்டா? எனக்கு என் பொழப்பு பெருசாப் போச்சு மாப்ள. அதான் தலையாட்டினேன்."

மன்னிப்புக் கேட்கவில்லை. கதவைத் திறந்து இறங்கினார். என் பக்கம் சுற்றி வந்து என் கதவையும் திறந்தார்.

"எறங்கு. இப்ப சொல்லு."

"இப்ப இன்னாத்துக்கு?"

"சொல்லுடா."

ரோட்டோரம் வண்டியின் பின்பலகையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம். சிதம்பரம் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. சொன்னேன். எட்டு முறை வந்த போன், நெய்வேலிக் குழாய், டவர் கிடைக்கவில்லை என்ற பொய், எல்லாவற்றையும். நூறு முறை சொன்ன கதை. ஆனால் கேட்கிறவர் கண் என் உதட்டில் இருக்கும்போது அது வேறு கதையாக இருந்தது. வேகமாகச் சொல்லித் தாண்ட முடியவில்லை. விளங்காத இடத்தில் கையைத் தூக்கி நிறுத்தினார், திரும்பச் சொல்ல வைத்தார். "போன் எந்தப் பாக்கெட்ல இருந்துது?" என்று கேட்டார். காட்டினேன். நெஞ்சுக்கு மேலே, இடது பக்கம்.

விதி என்று சொல்லவில்லை.

"பேரு வெச்சிங்களா?"

யாரும் அதைக் கேட்டதில்லை. பதினாறாம் நாள் வைப்பதாக இருந்தது. நானும் உங்கள் அம்மாவும் மட்டும் முடிவு செய்து வைத்திருந்தோம். அவள் போன பிறகு அந்தப் பேரை எங்கள் வீட்டில் ஒருத்தரும் வாயால் சொன்னதில்லை. நான் சொன்னேன். மாமாவுக்கு விளங்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன்.

"உதடே அசையாத பேரா இருக்கே" என்றார். எழுந்து வந்து, பெட்டிமேல் வைப்பது போல உள்ளங்கையை விரித்து, என் கழுத்துக்குக் கீழே நெஞ்செலும்பின்மேல் வைத்தார். இன்னொரு கையின் இரண்டு விரல் தன் தொண்டையில்.

"சத்தமா சொல்லு."

சொன்னேன். இரண்டு முறை, மூன்று முறை. பேருந்து நிறுத்தத்தில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு.

"நந்தினி" என்றார் மாமா. ஏற்ற இறக்கம் இல்லாத குரலில், ஒரு எழுத்து தப்பாமல்.

அதற்கு மேல் ஒரு வருஷம் அவரோடு ஓடினேன். அவர் காது விஷயத்தை யாரிடமும் சொல்லவில்லை. வண்டியில் அவரிடம் பேச வேண்டியது வந்தால் ஓரம் கட்டி நிறுத்துவேன். பிறகு அந்தப் பெரிய புயலில் பெட்டி வைக்கும் கொட்டகை விழுந்து பெட்டிகள் எல்லாம் ஊறிப்போயின. அவரும் அத்தையும் மகள் ஊருக்குப் போய்விட்டார்கள். கிளம்பும் அன்று என் முகத்தைப் பார்த்து ஒரு கேள்விதான் கேட்டார். "வூட்ல சொன்னியா?" தலையாட்டினேன். அது பொய்.

உங்கள் அம்மாவிடம் அந்தப் போன் விஷயத்தை நேற்றுத்தான் சொன்னேன். எதிரில் உட்கார்ந்து, டிவியை நிறுத்திவிட்டு. அவள் என்ன சொன்னாள் என்பதை நான் எழுத மாட்டேன், அவளே சொல்வாள்.

இதைப் படித்து முடித்ததும் கூடத்துக்கு வாருங்கள். நாங்கள் இரண்டு பேரும் அங்கேதான் இருக்கிறோம். உங்கள் அக்காவைப் பற்றி என்ன கேட்க வேண்டுமோ கேளுங்கள்.